சென்னையா, தூத்துக்குடியா?

முத்துநகர் விரைவு வண்டி இரவிலே தூத்துக்குடியை விட்டுக் கிளம்பும், விடிந்தால் சென்னை. அதிலே பெட்டியோடு ஏறும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம், "அங்கேதான் வாழ்வு" என்று சொல்லி அனுப்புகிறார்கள் பெரியவர்கள்.

எதைக் கொண்டு அளந்தார்கள், தோழர்களே? மாடிகளை எண்ணியா? சம்பளம் அங்கே கூடுதல், மறுப்பதற்கில்லை. மாதம் பிறந்ததும் அதிலே பாதியை வாடகை விழுங்குகிறதே! 2019-லே ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலே தண்ணீர் வந்தது அந்தத் தலைநகருக்கு. தாமிரபரணி நம்மை அந்த நிலைக்கு விடவில்லை. வெள்ளத்திலே மட்டும் இரண்டும் சமம்: 2015 டிசம்பரிலே அவர்கள், 2023 டிசம்பரிலே நாம்.

ஆக, ஊர் குறைந்ததல்ல, கூலிதான் குறைவு. மழை வந்தால் உப்பளத்திலே வேலையும் இல்லை. 1908-லே கோரல் மில் தொழிலாளர்கள், வ.உ.சி. துணை நிற்க, வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார்களே, எங்கே? சென்னைக்குப் போயா? இதே ஊரிலே!

1974-லே பெருந்துறைமுகமானது நம் துறைமுகம். ஒப்பந்தக் கூலியாக அல்ல, நிரந்தரப் பணியாளனாக அதன் வாயிலுக்குள் நுழைய நம் பிள்ளைக்கு எத்தனை இடம்? அந்தக் கணக்கை முதலில் கேட்போம்; டிக்கட்டைப் பிறகு எடுக்கலாம்.