ஐந்து நாளில் இரண்டு டொர்னாடோ!

1948 மார்ச் 20, இரவு. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள டிங்கர் விமானப்படைத் தளம். ‘பலத்த காற்று வீசும்’ என்று மட்டும்தான் வானிலை அறிக்கை சொன்னது. வந்ததோ டொர்னாடோ! தளத்தில் நின்ற விமானங்கள் நொறுங்கின.

‘இதையெல்லாம் யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது’ என்று கைவிரித்தது விசாரணைக் குழு. ஆனால், தளத்தின் வானிலை அதிகாரிகள் எர்னஸ்ட் ஃபாபுஷ், ராபர்ட் மில்லர் இருவரும் பழைய வானிலை வரைபடங்களைத் தோண்ட ஆரம்பித்தார்கள்.

நமக்குத் தெரிந்த புயல் கடலில் பிறக்கும். நாள் கணக்கில் நகரும். டொர்னாடோ அப்படியல்ல. இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழல்காற்று அது. பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

எப்படி உருவாகிறது? மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெப்பமான ஈரக்காற்று கீழே வருகிறது. அதன் மேலே, மேற்கிலிருந்து வறண்ட குளிர்காற்று. உயரே போகப் போகக் காற்றின் வேகமும் திசையும் மாறுவதால், நடுவில் உள்ள காற்று சப்பாத்திக் கட்டைபோலப் படுக்கைவாட்டில் உருள்கிறது. இடிமேகத்துக்குள் மேலேறும் வெப்பக்காற்று அந்த உருளையைத் தூக்கி நிமிர்த்துகிறது. இப்போது மேகமே சுழல்கிறது! தரையருகே அந்தச் சுழற்சி ஒடுங்கினால், வேகம் எகிறும்; டொர்னாடோ பிறக்கும். சுழல் நாற்காலியில் கைகளை விரித்தபடி சுற்றிவிட்டு, சட்டென்று மார்போடு சேர்த்துப் பாருங்கள். ஒடுங்கினால் வேகம் ஏன் கூடுகிறது என்று புரியும்.

மார்ச் 25. அன்றைய வரைபடம் 20-ம் தேதியை அப்படியே உரித்து வைத்திருந்தது. பீதி கிளம்பும் என்று அமெரிக்க வானிலைத் துறை பல ஆண்டுகளாக உச்சரிக்கவே தயங்கிய ‘டொர்னாடோ’ என்ற சொல்லை இருவரும் துணிந்து எழுதினார்கள். விமானங்கள் கொட்டகைகளுக்குள் போயின. ஆட்கள் பாதுகாப்பான இடங்களுக்கு நகர்ந்தார்கள். மாலை 6 மணியளவில் அதே தளத்தை டொர்னாடோ மீண்டும் தாக்கியது. சேதம் உண்டு, உயிரிழப்பு இல்லை.

இன்று டாப்ளர் ரேடார், மேகத்துக்குள் நடக்கும் சுழற்சியையே காட்டிவிடுகிறது. அதன்பிறகு மக்களுக்குக் கிடைப்பது பல நேரங்களில் சுமார் 10 நிமிடங்கள்தான். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டின் நிலவறைக்குள் இறங்க அது போதும்!