எய்தவன் எலி

ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் அடித்ததில் என் கார் வாசலை விட்டு நகரவில்லை. மழை ஓய்ந்து வண்டியை எடுத்த அன்று, இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. 2014 மாடல் பெட்ரோல் வண்டி. வயசான வண்டிக்கு இதெல்லாம் சகஜம் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தது 12க்கு இறங்கியபோதுதான் உறைத்தது.

முதல் பட்டறையில் ஸ்கேனரைச் செருகினார்கள். 'பி0135' என்று காட்டியது. "ஆக்சிஜன் சென்சார் போச்சு சார்" என்றார்கள். மறுபேச்சில்லாமல் 4,200 ரூபாய்க்குப் புதிது போட்டேன். மூன்றாம் நாள் மறுபடி மஞ்சள் விளக்கு.

இந்தச் சென்சார், இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் ஸ்பார்க் பிளக் மாதிரி திருகப்பட்டிருக்கும். எரிந்து வரும் புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பது இதன் வேலை. ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் கூடிப்போனால் சென்சார் 0.9 வோல்ட் பக்கம் ஏறும். காற்று கூடினால் 0.1க்கு இறங்கும். அதைப் பார்த்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. ஆனால் சுமார் 300 டிகிரி சூடேறாமல் சென்சார் வேலை செய்யாது. சீக்கிரம் சூடேற உள்ளேயே ஒரு குட்டி ஹீட்டர் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் இரண்டாவதாகப் போன பட்டறையின் பெரியவர். "பாய், புது சென்சாரும் போச்சா?" என்றேன். சிரித்தார். "சென்சார் கெட்டுப்போச்சுன்னு இந்த 'பி0135' கோடு சொல்லல சார். ஹீட்டர் லைன்ல கோளாறுன்னுதான் சொல்லுது. ஃபியூஸ், வயர், கனெக்டர் எல்லாம் அந்த லைன்தானே?"

கனெக்டரைக் கழற்றி, இன்ஜினை ஓடவிட்டு மல்டிமீட்டரை வைத்தார். வரவேண்டிய 12 வோல்ட் வரவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனார். பேட்டரிக்குப் பின்னால் எலி கடித்துத் துண்டாகிக் கிடந்தது. மழைக்கு ஒதுங்கிய விருந்தாளி! ஒட்டுப்போட்டு டேப் சுற்ற 300 ரூபாய். கழற்றிப் போட்ட பழைய சென்சாரின் ஹீட்டரையும் அளந்தார். நன்றாகவே இருந்தது.

சென்சார் கெடாது என்று சொல்லவரவில்லை. இன்ஜின் ஆயில் எரிந்து படிந்தாலும், கண்ட சிலிகான் பசையைப் பூசினாலும் அது கெடும். கெட்டதை மாற்றாமல் ஓட்டினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் சேர்த்துக் காவு வாங்கும். அதன் விலை இன்னும் பல மடங்கு. ஆகவே விளக்கை அலட்சியம் செய்யாதீர்கள். ஸ்கேனர் காட்டும் எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். "ஃபியூஸ் பார்த்தீங்களா, 12 வோல்ட் வருதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பர்ஸை அப்புறம் திறக்கலாம்.