துவைக்கும் துணியும் கப்பும் அரசுத் திட்டத்துக்குள் வரட்டும்

தமிழ்நாட்டில் 15 முதல் 24 வயது வரையிலான பெண்களில் 98 சதவீதம் பேர் மாதவிடாய் நாட்களில் சுகாதாரமான முறையைக் கையாள்வதாக, 2019–21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாட்டின் சராசரி சுமார் 78 சதவீதம்தான். இந்த முன்னேற்றம் தானாக வந்துவிடவில்லை. 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஆறு நாப்கின் கொண்ட மூன்று பாக்கெட்டுகளை இலவசமாகத் தரும் ‘புதுயுகம்’ திட்டம் இதற்கு ஒரு காரணம். நாப்கின் தயாரிக்கும் எளிய இயந்திரத்தை வடிவமைத்து மகளிர் குழுக்களின் கையில் சேர்த்த கோவை அருணாசலம் முருகானந்தத்தின் உழைப்பு இன்னொரு காரணம். வாய்விட்டுச் சொல்லவே கூசிய ஒரு விஷயத்தை வகுப்பறையில் பேசிய ஆசிரியைகளுக்கும், வீடு வீடாகப் போய்ப் பேசிய கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஆனால், அந்தக் கணக்கெடுப்பு எதைச் சுகாதாரம் என்கிறது என்று பார்க்க வேண்டும். கடையில் விற்கும் நாப்கின், உள்ளூரில் தயாரித்த நாப்கின், டாம்பான், கப் ஆகிய நான்கும் அதில் அடக்கம். துணிக்கு மட்டும் அதில் இடமில்லை. சோப்பு போட்டு அலசி வெயிலில் காயவைத்த துணியும், பாதி ஈரத்தோடு மறுபடி எடுத்துக் கட்டிய கந்தலும் ஒரே வரிசையில் ‘சுகாதாரமற்றது’ என்று பதிவாகின்றன. துணியிலிருந்து நாப்கினுக்கு மாறுவதே முன்னேற்றம் என்று பல ஆண்டுகளாக அளந்துவந்திருக்கிறோம். அந்த அளவுகோலை மாற்றி, துவைத்துப் பயன்படுத்தும் துணிப் பேடையும் மாதவிடாய் கப்பையும் அரசே விநியோகிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அப்படிக் கேட்பதற்கு நம்மிடம் போதுமான ஆதாரம் இருக்கிறது. ‘இயற்கை’ என்ற முத்திரையை அதற்குத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை. அழைத்தால் கெடுதலே வரும்.

ஒரு நாப்கினைப் பிரித்துப் பார்த்தால் பிரச்சினை எங்கே இருக்கிறது என்பது விளங்கும். உடலை ஒட்டியிருக்கும் மேல் விரிப்பு, பஞ்சு போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். அதன் கீழே மரக்கூழ். அதற்குள் ஈரம் பட்டதும் ஊறிக் கூழாகும் வெள்ளைக் குருணை, அதுவும் பெட்ரோலிய வேதிப்பொருளிலிருந்து வருவது. அடியில் கசியாமல் தடுக்கும் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் பசை, பசையை மூடிய வழவழப்பான காகிதம், எல்லாவற்றையும் சுற்றி ஒரு உறை. மரக்கூழையும் காகிதத்தையும் தவிர இவற்றில் மண்ணில் எளிதில் மக்குவது ஏதும் இல்லை. ‘புதுயுகம்’ தரும் அளவை வைத்தே கணக்குப் போட்டால், ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கு 108 நாப்கின்கள். பத்து ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேல். இவை எங்கே போகின்றன? உற்பத்தி செய்யும் நிறுவனங்கள் நாப்கினோடு அப்புறப்படுத்தும் உறையையும் தர வேண்டும், பயன்படுத்துவோர் அதில் சுற்றித் தனியே கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. நடப்பில் பழைய செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பைக்குள் திணித்து, மற்றக் குப்பையோடு வாசலில் வைக்கிறோம். அதைப் பிரித்து மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தரம் பிரிப்பது தூய்மைப் பணியாளரின் கை. கழிப்பறையில் போட்டு நீரூற்றியது பாதாளச் சாக்கடையில் ஊதி அடைத்துக்கொண்டால், அந்த அடைப்பை எடுக்கவும் ஒரு மனிதர்தான் வர வேண்டும். நம் வீட்டுக் கூச்சத்தின் சுமை முழுவதும், பெரும்பாலும் ஒரே சமூகப் பின்னணியிலிருந்து வரும் இந்தத் தொழிலாளர்கள் மேல் இறங்குகிறது. சூழல் மாசைவிட என்னை அதிகம் உறுத்துவது இதுதான். பள்ளிகளில் வைக்கும் சிறு எரிப்பான்கள் இதற்குத் தீர்வாகிவிடாது. மருத்துவக் கழிவை எரிக்கும் உலைகளுக்கு முதல் அறையில் 800 டிகிரி, இரண்டாம் அறையில் 1,050 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பம் வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். அதற்கு எட்டாத வெப்பத்தில் பிளாஸ்டிக் கருகினால், நச்சுப்புகை வகுப்பறைக்குப் பக்கத்திலேயே சுற்றும்.

இந்த இடத்தில்தான் ‘மக்கும் நாப்கின்’, ‘ஆர்கானிக் நாப்கின்’ என்று சந்தை நம்மிடம் வருகிறது. இவற்றை நம்புவதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் ‘சுவிதா’ நாப்கின் 2019 ஆகஸ்ட் முதல் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. விலை பாராட்டுக்குரியது; ஏழைப் பெண்ணுக்கு அது பெரிய உதவி. ஆனால் அது ‘ஆக்ஸோ-பயோடீகிரேடபிள்’ என்ற வகை. அதாவது, வழக்கமான பிளாஸ்டிக்கிலேயே ஒரு வேதிப்பொருளைக் கலந்து, காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் துணுக்குகளாக உடையும்படி செய்திருப்பார்கள். உடைந்த துணுக்கு முழுதாக மக்கும் என்பதற்கு உறுதி இல்லை, நுண்பிளாஸ்டிக்காகத் தங்கிவிடும் ஆபத்து உண்டு என்ற காரணத்தால், ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகைப் பிளாஸ்டிக் பொருள்களை 2021 ஜூலை முதல் சந்தையிலிருந்தே விலக்கிவிட்டது. இரண்டாவது, டெல்லியின் டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு 2022-இல் வெளியிட்ட ஆய்வு. இந்தியச் சந்தையில் கிடைக்கும் பத்து நாப்கின் வகைகளைச் சோதித்தபோது, தாலேட் எனப்படும் பிளாஸ்டிக் மென்மையூட்டிகளும் எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்களும் அவற்றில் இருந்தன. ‘ஆர்கானிக்’ என்று விற்றவையும் இதற்கு விலக்கில்லை. இதைக் கண்டு நாப்கினை நச்சு என்று அஞ்ச வேண்டாம். அந்த அளவு உடலுக்கு எவ்வளவு தீங்கு செய்யும் என்பது தனிக் கேள்வி. உறையில் பச்சை இலை அச்சிட்டிருப்பது உள்ளே இருப்பதற்குச் சான்றாகாது என்பதற்கு இந்த ஆய்வு போதும். வாழைநார் நாப்கின்கூட, அதைத் தனியே வாங்கி உரமாக்கும் ஏற்பாடு ஊரில் இருந்தால்தான் மக்கும். பிளாஸ்டிக் பைக்குள் கட்டிக் குப்பைமேட்டுக்கு அனுப்பினால் அதுவும் ஒரு மூட்டையாகவே கிடக்கும்.

குப்பையை உண்மையிலேயே குறைப்பது, மறுபடி மறுபடி பயன்படுத்தும் பொருள்தான். பிறப்புறுப்பினுள் வைத்து உதிரத்தைச் சேகரிக்கும், மருத்துவத் தர சிலிக்கானில் செய்த ஒரு கப்பைப் பத்தாண்டு வரை பயன்படுத்தலாம். ஆயிரம் நாப்கின் செய்யும் வேலையை உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பொருள் செய்கிறது. அதன் பாதுகாப்பு குறித்த ஆதாரமும் கணிசமானது. 43 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற சுமார் 3,300 பேரையும் தொகுத்து, லான்செட் பொது சுகாதார இதழ் 2019-இல் வெளியிட்ட கட்டுரை, கசிவு நாப்கினுக்கும் டாம்பானுக்கும் சமமாகவோ குறைவாகவோ இருப்பதாகவும், பழகியவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேர் தொடர விரும்பியதாகவும் கண்டது. பக்கத்து மாநிலமான கேரளம் இதைச் செய்தும் காட்டியிருக்கிறது. 2018 வெள்ளத்தின்போது நிவாரண முகாம்களில் பயன்படுத்திய நாப்கின்களை எங்கே போடுவது என்று திணறிய அனுபவத்திலிருந்து, பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். ‘திங்கள்’ திட்டத்தைத் தொடங்கி, 2019-இல் ஆலப்புழை நகராட்சியில் 5,000 கப்புகளைக் கொடுத்தது. எர்ணாகுளம் மாவட்டத்தின் கும்பளங்கி, நாட்டின் முதல் நாப்கின் இல்லா ஊராட்சியாக 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அங்கே கப்பைக் கையில் கொடுத்ததோடு நிற்காமல், பயிற்சி பெற்றவர்கள் எப்படி மடிப்பது, எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். துணிப் பேடுக்கு நாம் எல்லை தாண்ட வேண்டியதே இல்லை. ஆரோவில்லின் ‘ஈகோ ஃபெம்’ 2010 முதல் சுற்றுவட்டாரப் பெண்களைக் கொண்டு துவைக்கும் பேடுகளைத் தைத்து, பள்ளி மாணவிகளிடமும் கொண்டுபோகிறது.

எதிர்வாதங்கள் வலுவானவை, அவற்றுக்குப் பதில் சொல்லாமல் இந்தக் கோரிக்கை நிற்காது. துணி கிருமித்தொற்றைத் தராதா என்பது முதல் கேள்வி. தரலாம். ஒடிசாவில் மருத்துவமனைக்கு வந்த 486 பெண்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு, துணியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியவர்களிடம் பிறப்புறுப்பு, சிறுநீர்த் தொற்றுகள் கூடுதலாக இருப்பதைக் கண்டது. அதே மாநிலத்தில் 2018-இல் வெளியான அடுத்த ஆய்வு இன்னும் நெருங்கிப் பார்த்தது. துணி பயன்படுத்தியவர்களுக்குள்ளேயே, அதை வீட்டுக்குள் காயவைத்தவர்களிடமும் கழிப்பறையில் ஒளித்து வைத்தவர்களிடமும்தான் பூஞ்சைத் தொற்று அதிகம். நம் வீடுகளில் அந்தத் துணி எங்கே காய்கிறது என்று நினைத்துப் பார்த்தால் போதும். மாடிக் கொடியில் போட்டாலும் சேலைக்கோ பாவாடைக்கோ அடியில். இல்லாவிட்டால் கதவுக்குப் பின்னால், குளியலறைக் கம்பியில், காற்றுப்படாத மூலையில். பிறர் கண்ணில் படக் கூடாது என்ற கட்டாயம் துணியை ஈரமாகவே வைத்திருக்கிறது, ஈரத்தில் பூஞ்சை வளர்கிறது. ஆகவே துணிப் பேடைக் கொடுக்கும் அரசு, அதை வெயிலில் காயப்போடும் உரிமையையும் சேர்த்துப் பேச வேண்டும். வீட்டு ஆண்களிடமும்தான் பேச வேண்டும்.

தண்ணீர் இல்லாத இடத்தில் துவைப்பது எப்படி, விடிகாலையில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அதற்கு நேரம் ஏது என்பது அடுத்த கேள்வி. இது நியாயமான கேள்வி. அதனால்தான் நாப்கினை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. குடம் தண்ணீருக்குக் காத்திருக்கும் குடியிருப்பிலும், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத பொதுக் கழிப்பறையை நம்பியிருக்கும் இடத்திலும் நாப்கின்தான் பொருத்தம். பயணத்தில் இருப்பவருக்கும் அப்படியே. பூமியைக் காக்கும் கடமையை, வீட்டிலேயே அதிகம் உழைத்து அலுத்தவளின் தலையில் ஏற்றக் கூடாது. ஆனால் வசதியிருந்தும், மாற்று ஒன்று இருப்பதே தெரியாத பெண்கள் எத்தனையோ பேர். அதே தேசியக் கணக்கெடுப்பில் கப் பயன்படுத்துவோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தேர்ந்தெடுக்க ஒரே ஒரு பொருளை வைத்துவிட்டு, பெண்கள் அதைத்தான் விரும்புகிறார்கள் என்று சொல்வது சரியாகாது. கப் வைத்தால் கன்னித்தன்மை போய்விடும் என்ற அச்சம் மூன்றாவது. கன்னிச் சவ்வை வைத்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கண்டுபிடிக்க முடியாது. பாலியல் வன்முறை வழக்குகளில் பெண்களிடம் செய்யப்பட்டுவந்த இருவிரல் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2022-இல் மீண்டும் கண்டித்திருக்கிறது. என்றாலும் பள்ளி மாணவியிடம் கப்பைத் திணிக்க வேண்டியதில்லை. அவளுக்குத் துணிப் பேடும், வயது வந்து விரும்புகிற பெண்ணுக்குக் கப்பும் என்று தொடங்கலாம். கருத்தடைக்காகக் காப்பர்-டி போட்டிருப்பவர் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் பழக வேண்டும். அடிப்பாகத்தை விரலால் அழுத்திக் காற்றுப் பிடிப்பை விடுவிக்காமல் கப்பை இழுத்தால் காப்பர்-டியும் இடம்பெயரலாம். இப்படிப்பட்ட விவரங்களைச் சொல்லித்தர ஆள் இல்லாமல் பெட்டியை மட்டும் விநியோகித்தால் திட்டம் தோற்கும்.

இனி, மறுபயன்பாட்டுப் பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு வியாபாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூலிகைக் கழுவுநீர், வேப்பிலைத் தைலம், ‘அந்தரங்க’ வாசனைத் தெளிப்பான் என்று, இயற்கை வழியில் பெண்ணுறுப்பைச் சுத்தமாக வைத்திருப்பதாக உறுதி தரும் பொருள்கள் பெருகிவிட்டன. வீட்டு வைத்தியமும் சேர்ந்துகொள்கிறது; படிகார நீரால் கழுவு, மஞ்சள் பூசு, தயிர் வை, பூண்டு வை என்று. மண்ணுக்கு நல்லது என்பதற்கும் உடலின் உள்ளே வைக்கத் தக்கது என்பதற்கும் தொடர்பே கிடையாது. பிறப்புறுப்புப் பாதை தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. அங்கே வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் உருவாக்கும் லாக்டிக் அமிலம், அமிலக்காரக் குறியீட்டை 3.8 முதல் 4.5 வரையிலான அளவில் வைத்து, வேண்டாத கிருமிகளை அடக்குகிறது. உள்ளே நீர் பீய்ச்சிக் கழுவுவது இந்தக் காவலைக் கலைக்கும். அப்படிச் செய்யும் பெண்களிடம் பாக்டீரியா தொற்று கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கழுவும் நீரில் இருப்பது வேதிப்பொருளா வேப்பிலையா என்று பாக்டீரியா பார்ப்பதில்லை. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவி, பருத்தி உள்ளாடை அணிந்து, ஈரமில்லாமல் வைத்துக்கொள்வதே போதும். இதற்குப் புட்டியில் அடைத்து விற்க ஒன்றும் இல்லை.

வெள்ளைப்படுதல் என்ற ஒரே பெயரில் நாம் பலவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் இதில் பெரிய கேடு. சுழற்சியின் நடுவில் முட்டை வெள்ளை போல வழுவழுப்பாக வருவது இயல்பு. தயிர்த் திரி போலத் திரண்டு அரிப்போடு வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் மீன் வாடையோடு வந்தால் பாக்டீரியா சமநிலை குலைந்திருக்கலாம். மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் ட்ரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்குக் கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும். ஒன்றுக்குரிய மருந்து இன்னொன்றுக்கு உதவாது. இவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கக் கூசி, ‘பக்கவிளைவு இல்லாதது’ என்று மாதக்கணக்கில் கஷாயம் குடித்துவரும் பெண்ணுக்கு, தொற்று கருப்பைக்கு ஏறிய பிறகே உண்மை தெரியவரலாம். பாட்டி வைத்தியத்தை இழிவாகப் பேசுவது என் நோக்கமல்ல. எந்த ஆதாரத்தை நாப்கின் நிறுவனத்திடம் கேட்கிறோமோ, அதையே மூலிகை நிறுவனத்திடமும் கேட்க வேண்டும் என்கிறேன்.

அரசு செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மறுபயன்பாட்டுப் பேடுகளுக்கும் மாதவிடாய் உள்ளாடைகளுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2021-இல் ஐ.எஸ். 17514 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது. கொள்முதலுக்கு அதை நிபந்தனையாக்கலாம். நாப்கின் தயாரித்துப் பழகிய மகளிர் குழுக்களுக்குத் துணிப் பேடு தைப்பது பெரிய வேலை இல்லை. பருத்திப் பின்னலாடைக்குத் திருப்பூர் இருக்கிறது. ‘புதுயுகம்’ பாக்கெட் வாங்கும் பெண்ணிடம், இந்த முறை நாப்கினா, நான்கு துணிப் பேடா என்று கேட்டுக் கொடுக்கட்டும். பள்ளிக் கழிப்பறை கட்டும்போது அறைக்குள்ளேயே ஒரு குழாயும், மாணவிகள் பகுதியில் வெயில்படும் ஒரு கொடியும் மதிப்பீட்டில் சேரட்டும். அடுத்த கணக்கெடுப்பில் துணியைச் சுகாதாரமற்றது என்று ஒரே கட்டத்தில் அடைக்காமல், அது எங்கே காய்கிறது, மாற்றிக்கொள்ளத் தனியிடமும் தண்ணீரும் இருக்கிறதா என்று பெண்களிடம் கேட்கட்டும்.