மூவெட் வாசிப்புத் தாள்: சொல் பட்டியலை மனப்பாடம் செய்தால் போதுமா?

எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் இந்தியச் சமுதாயத்தில் ஒரே பேச்சு, மெட்ரிகுலேஷனில் எத்தனை இடம் கிடைத்தது என்பதுதான். 2024இல், 10ஏ-வும் அதற்கு மேலும் பெற்ற மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். மறு ஆண்டே, ஏ மைனஸ் கணக்கில் சேருமா சேராதா என்ற சர்ச்சை எழுந்தது. இடங்களுக்காகக் குரல் கொடுப்பது தேவைதான். ஆனால், மெட்ரிகுலேஷனில் இடம் கிடைத்த பிறகும், ஆறாம் படிவத்தில் சேர்ந்த பிறகும், அதே மாணவர்கள் தாண்ட வேண்டிய இன்னொரு வாசல் இருக்கிறது. அதைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுவோர் குறைவு. அந்த வாசலின் பெயர் மூவெட்.

மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வான மூவெட்டை மலேசியத் தேர்வு மன்றம் 1999 முதல் நடத்தி வருகிறது. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், டிப்ளோமா என எந்த வழியில் வந்தாலும், பொதுப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது மூவெட் முடிவு கேட்கப்படும். இதில் தேர்ச்சி, தோல்வி என்று இல்லை. பேண்ட் 1 முதல் 5+ வரை தரம் பிரிக்கிறார்கள். எந்தத் துறைக்கு எந்த பேண்ட் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது. சட்டம், மருத்துவம் போன்ற துறைகள் உயர்ந்த பேண்ட் கேட்கின்றன. மற்ற பாடங்களில் நான்கு பாயிண்ட்டைத் தொட்ட மாணவர்கூட, பேண்ட் ஒரு படி குறைந்தால் விரும்பிய துறைக்கு விண்ணப்பிக்கவே முடியாமல் போகலாம்.

2021 முதல் இத்தேர்வு ஐரோப்பிய மொழித்தர அளவீட்டோடு இணைக்கப்பட்டு, கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகிய நான்கு தாள்களுக்கும் தலா 90 புள்ளிகள், மொத்தம் 360 என்று ஆனது. பழைய முறையில் 300 புள்ளிகளில் வாசிப்புக்கு மட்டும் 120 இருந்தது. இப்போது வாசிப்பின் பங்கு கால் பாகம்தான் என்று சிலர் அதை இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியான கணக்கு அல்ல. வாசித்துப் பழகாதவருக்கு எழுத்துத் தாளில் கருத்து வராது, பேச்சுத் தேர்வில் சொல் வராது.

75 நிமிடம், 40 கேள்வி

வாசிப்புத் தாளில் 40 கேள்விகள். நேரம் 75 நிமிடம். பனுவலை வாசிக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடையாது. தொடக்கத்தில் சிறிய பனுவல்கள் வரும். போகப் போக நீளமும் கடினமும் கூடும். இடையில் சில வாக்கியங்களை எடுத்துவிட்டு, எது எங்கே பொருந்தும் என்று கேட்கும் பகுதியும் உண்டு.

இங்கே தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த மாணவரின் நிலையைத் தனியாகப் பார்க்க வேண்டும். அவருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வீட்டில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், ஆங்கிலமோ வாரத்தில் சில பாடவேளைகள். அதனால் ஆங்கில வாக்கியத்தைக் கண்டதும் மனத்துக்குள் தமிழில் பெயர்த்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ‘நேற்றுப் பள்ளிக்கு வராத மாணவன்’ என்று தமிழில் விளக்கம் முன்னே வரும், பெயர் பின்னே வரும். ஆங்கிலத்தில் மாணவன் முதலில் வருவான், விளக்கம் பின்னால் நீளும். வினைச்சொல்லோ தமிழில் கடைசியில், ஆங்கிலத்தில் நடுவில். ஒவ்வொரு நீண்ட வாக்கியத்தையும் இப்படித் திருப்பிப் போட்டு வாசித்தால் 75 நிமிடம் எந்த மூலைக்கும் போதாது. அந்த நேரத்தைச் சொல் பட்டியலால் மிச்சப்படுத்த முடியாது. ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே வாசித்துப் பழகிய கண்ணுக்குத்தான் அந்த வேகம் வரும்.

பட்டியல் எங்கே கைவிடுகிறது?

பிரத்தியேக வகுப்புகளில் பரவலாகக் கொடுக்கப்படுவது சொல் பட்டியல். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரே ஒரு பொருள். மனப்பாடம் செய்வது எளிது, சோதிப்பதும் எளிது. ஆனால் தேர்வில் சொற்கள் அப்படித் தனியாக வருவதில்லை. ‘அட்ரஸ்’ என்றால் முகவரி என்பது எல்லாருக்கும் தெரியும். அரசாங்கம் ஒரு பிரச்சினையை ‘அட்ரஸ்’ செய்கிறது என்று கட்டுரையில் வந்தால், அங்கே முகவரிக்கு இடமில்லை. அதைக் கவனித்துத் தீர்க்க முனைகிறது என்று பொருள். ‘ஹார்ட்’ என்றால் கடினம், ஆகவே ‘ஹார்ட்லி’ என்றால் கடினமாக என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஒரு திட்டம் சிறுதோட்டக்காரர்களை ‘ஹார்ட்லி’ பாதித்தது என்றால், கிட்டத்தட்ட பாதிக்கவே இல்லை என்று அர்த்தம். பெரிய சொற்களைவிட இத்தகைய சின்னச் சொற்களே விடையைத் தலைகீழாக்குகின்றன. ‘அன்லெஸ்’, ‘டெஸ்பைட்’, ‘ஃபியூ’, ‘அ ஃபியூ’ ஆகியவையும் இதே வரிசையில் வருபவை.

இன்னொரு கண்ணியும் உண்டு. சரியான விடை, பனுவலில் உள்ள அதே சொல்லைப் பெரும்பாலும் திரும்பச் சொல்வதில்லை. கருத்தை வேறு சொற்களில் சொல்லும். பனுவலில் உள்ள சொல்லை அப்படியே தூக்கி வைத்திருக்கும் தெரிவு தவறானதாக இருக்க வாய்ப்பு அதிகம். சொல்லைச் சொல்லோடு மட்டும் பொருத்திப் பார்க்கும் மாணவர் இங்கேதான் புள்ளிகளை இழக்கிறார்.

எத்தனை சொல் தெரிய வேண்டும்?

இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்கள் விடை தேடியிருக்கிறார்கள். நியூசிலாந்தின் பேராசிரியர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கில நாளிதழையும் நாவலையும் பிறர் உதவியின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை. சொற்குடும்பம் என்பது ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் சொற்களும். பனுவலில் 100 சொல்லுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவுகோலில் போட்ட கணக்கு இது. 500 சொற்கள் கொண்ட ஒரு பனுவலில் 98 விழுக்காடு தெரிந்தால் தெரியாதவை 10. அதே பனுவலில் 90 விழுக்காடுதான் தெரியும் என்றால் தெரியாதவை 50. வரிக்கு வரி தடுக்கி விழும்போது கட்டுரையாளரின் நிலைப்பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

8,000 என்றதும் மலைக்க வேண்டியதில்லை. எல்லாச் சொல்லும் ஒரே எடை கொண்டவை அல்ல. அடிக்கடி வரும் முதல் 2,000 சொற்குடும்பங்கள் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. அவற்றுக்கு அடுத்தபடியாக, ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் கல்விசார் சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். அதில் 570 சொற்குடும்பங்கள் மட்டுமே. ஆனால் உயர்கல்விப் பனுவல்களில் ஏறக்குறைய 10 விழுக்காட்டுச் சொற்கள் இவைதான். முதல் 2,000த்தையும் இந்த 570ஐயும் சேர்த்தால் கல்விசார் பனுவலின் 86 விழுக்காடு கைவசமாகிறது. நாளுக்கு மூன்று குடும்பம் என்று எடுத்துக்கொண்டால், 570ஐ முடிக்க ஆறு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். பட்டியலால் பயன் உண்டு என்றால் இந்த அளவுக்குத்தான். மீதி இடைவெளியை வாசிப்பு ஒன்றே நிரப்பும்.

மலாய்மொழி தரும் கைகொடுப்பு

இந்த 570இல் மலேசிய மாணவருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு சலுகை இருக்கிறது. அனாலிசிஸ், கொன்செப், ஸ்ட்ருக்தூர், ஃபக்தோர், புரோசெஸ், ஃபுங்சி, ஸ்ட்ராத்தெகி, பொலிசி, செக்தோர், இம்பாக், இந்தெக்ராசி. ஐந்தாம் படிவ வரலாறு, பொருளியல், அறிவியல் நூல்களில் ஒவ்வொரு மாணவரும் பார்த்துப் பழகிய மலாய்ச் சொற்கள் இவை. எல்லாமே காக்ஸ்ஹெட் பட்டியலில் உள்ள ஆங்கிலச் சொற்களின் உறவுக்காரர்கள். ஆங்கிலமே வராது என்று ஒதுங்கும் தோட்டப்புற மாணவருக்கும் அந்தப் பட்டியலில் ஒரு பகுதி ஏற்கெனவே பாதி தெரியும். எழுத்துக்கூட்டலையும் உச்சரிப்பையும் மட்டும் சரிசெய்துகொண்டால் போதும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: ஒலி ஒத்திருந்தால் பொருளும் ஒத்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மலாயில் ‘பிரெஸ்தாசி’ என்றால் அடைவுநிலை. ஆங்கிலத்தின் ‘பிரெஸ்டீஜ்’ என்பதோ மதிப்பு, கௌரவம்.

தமிழ் படிப்பதால் ஆங்கிலம் கெடும் என்ற பழைய அச்சத்துக்கும் இங்கே பதில் உண்டு. ஒரு மொழியில் வளர்ந்த வாசிப்புத் திறன் இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்பதைக் கனடிய ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே விளக்கியிருக்கிறார். தமிழ் நாளிதழின் தலையங்கத்தை வாசித்து ‘இவர் ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, அதே கண்ணோடுதான் ஆங்கிலக் கட்டுரையையும் அணுகுகிறது.

எதை, எப்படி வாசிப்பது?

தெரிந்த பொருளிலிருந்து தொடங்குவதே நல்லது. செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த மாணவருக்குக் குலை வெட்டுவதும், விலை ஏறி இறங்குவதும், அந்நியத் தொழிலாளர் வருகையும் யாரும் சொல்லித்தர வேண்டியவை அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டம் மலேசியச் செம்பனையை எப்படிப் பாதிக்கும் என்று ஆங்கில ஊடகங்கள் தொடர்ந்து எழுதுகின்றன. ஒரு வாரம் முழுக்க அந்த ஒரே பொருளை வாசித்தால், முதல் நாள் மிரட்டிய சொற்கள் ஐந்தாம் நாள் பழகிவிடும். ஒரே பொருளைத் தொடர்ந்து வாசிக்கும் இம்முறையை அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீஃபன் கிராஷெனும் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்துள்ளார். அடுத்த வாரம் புகைமூட்டம், அதற்கடுத்த வாரம் நெகிழிக் கழிவு என்று பொருளை மாற்றிக்கொள்ளலாம்.

நாளுக்கு 20 நிமிடம் போதும். முதல் வாசிப்பில் அகராதியைத் தொடக் கூடாது. தெரியாத சொல்லை முன்பின் பார்த்து ஊகிக்க வேண்டும். இரண்டாம் வாசிப்பில் மூன்று சொற்களை மட்டும் தேர்ந்து, அவை வந்த வாக்கியத்தோடு சேர்த்துச் சிறு அட்டையில் எழுதலாம். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியைக் கூட்டி அந்த அட்டைகளைத் திரும்பப் பார்த்தால் சொல் மனத்தில் நிற்கும். ஒரே இரவில் நூறு சொல் படித்து மறுவாரம் மறந்துபோவதைவிட இது எவ்வளவோ மேல்.

வாரத்தில் ஒருநாள் கடிகாரத்தை வைத்து ஒரு மாதிரித் தாள் செய்து பார்க்க வேண்டும். எத்தனை சரி என்று எண்ணுவதோடு நிறுத்தினால் பயனில்லை. ஒவ்வொரு தவறான விடைக்கும் காரணம் எழுத வேண்டும்: சொல் தெரியவில்லையா, வாக்கியம் பிடிபடவில்லையா, கட்டுரையாளர் சொல்லாததைச் சேர்த்துப் படித்ததா, நேரம் போதவில்லையா? நான்கு வாரத்தில் மாணவரின் பலவீனம் எது என்று தானாகவே தெரிந்துவிடும்.

சமுதாயம் செய்யக்கூடியது

தேர்வு நெருங்கும்போது ஆலய மண்டபத்திலோ சமூக மண்டபத்திலோ ஒருநாள் வழிகாட்டிக் கருத்தரங்கு நடத்துவது அமைப்புகளின் வழக்கம். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பணிதான். கேள்வி அமைப்பையும் நேரப் பங்கீட்டையும் ஒரு நாளில் சொல்லித்தர முடியும். வாசிப்பை அப்படிப் புகட்ட முடியாது. அதே மண்டபத்தில் வாரம் ஒருமுறை, ஏற்கெனவே மூவெட் எழுதிய ஒரு அண்ணனோ அக்காவோ பத்துப் பேருடன் உட்கார்ந்து ஒரு கட்டுரையை வாசித்துப் பேசினால், செலவும் குறைவு, பலனும் அதிகம். நூலகம் தொலைவில் உள்ள தோட்டங்களுக்குத் தேசிய நூலகத்தின் யூ-புஸ்தாகா மின்னூலகம் இருக்கிறது. மலாய் மெயில், ஃப்ரீ மலேசியா டுடே போன்ற இணைய ஊடகங்களைக் கைப்பேசியிலேயே படிக்கலாம்.

பொறுப்பு மாணவர் தலையில் மட்டும் இல்லை என்பதும் உண்மை. பல பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர் மாறிக்கொண்டே இருக்கிறார். பிரத்தியேக வகுப்புக்குக் கட்ட வெள்ளி இல்லாத குடும்பங்கள் ஏராளம். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வகுப்புக்கு வந்து போகும் பேருந்துச் செலவே சிலருக்குச் சுமை. இக்குறைகளை அரசாங்கத்திடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு தலைவர்களுக்கு உண்டு. மெட்ரிகுலேஷன் இடங்களுக்குக் கேட்கும் அதே குரலில், தோட்டப்புற மாணவர்களின் ஆங்கில வாசிப்புக்கும் நிதி கேட்க வேண்டும்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். மூவெட் என்ற பேச்சு ஆறாம் படிவத்தின் நடுவிலோ மெட்ரிகுலேஷன் விடுதியிலோ தொடங்கினால், ஆறு மாதம் வேண்டிய வேலைக்கு ஆறு வாரம்தான் மிஞ்சும். எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்து, முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் பிள்ளைகள் பகுதிநேர வேலைக்குப் போகட்டும், ஓய்வெடுக்கட்டும். நாளுக்கு 20 நிமிடத்தையும் மூன்று சொல்லையும் மட்டும் அப்போதே தொடங்கிவிட்டால், தேர்வு மண்டபத்தில் அந்த 75 நிமிடம் போதுமானதாக இருக்கும்.