போட்ட விலைக்கு மேலே

பேரம் பேசுவதில் நம்மவர்களுக்கு இணை வேறு எவரும் இல்லை என்பது நமது நெடுநாளைய நம்பிக்கை. வாசலில் கூடையை இறக்கிய கீரைக்காரி கட்டு 20 ரூபாய் என்றால், நம் வீட்டு அம்மாள் 12 ரூபாயில் ஆரம்பிப்பாள். கடைசியில் 15 ரூபாய்க்கு விஷயம் முடிந்து, கொசுறாக நாலு கறிவேப்பிலையும் வந்து சேரும். இதில் இரு தரப்பாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஏனென்றால், பேரம் என்பது மேலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டு. விற்பவர் சொன்ன விலைதான் மேற்படி. அதற்கு மேலே படியே கிடையாது என்பது அந்த ஆட்டத்தின் ஆதி விதி.

இந்த ஆதி விதியைத் தலைகீழாக்கிய வியாபாரிகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்த வாரம் பேச விரும்புகிறோம்.

தூரப் பிரயாணம் செய்யும் பஸ்கள் நள்ளிரவில் நெடுஞ்சாலைக் கடைகளின் முன்னால் நிற்பதை நேயர்கள் அறிவார்கள். அங்கே நடக்கும் சம்பாஷணை பெரும்பாலும் பின்வருமாறு இருக்கும்:

"தண்ணீர் பாட்டில் என்ன விலை?"

"25 ரூபாய், ஸார்."

"இதில் 20 என்று போட்டிருக்கிறதே?"

"அது கம்பெனிக்காரன் போட்டது, ஸார். கூலிங் சார்ஜ் 5 ரூபாய்."

"அப்படியானால் குளிர்ச்சி இல்லாத பாட்டிலாகக் கொடுங்கள்."

"அதுவும் 25 தான், ஸார்!"

இதற்குள் டிரைவர் ஹாரனை அடித்து விடுகிறார். குழந்தை தாகம் என்று அழுகிறது. பிரயாணி 25 ரூபாயைக் கொடுத்துவிட்டு ஓடுகிறார். கடைக்காரரின் தர்க்க சாஸ்திரத்துக்குப் பலம் அளிப்பது ஹாரனும் தாகமுந்தான்; வேறொன்றும் இல்லை.

* * *

அச்சிட்ட விலை என்பது கம்பெனிக்காரரின் அபிப்பிராயம் அல்ல. அது சட்டம். பொட்டலப் பண்டங்களுக்கான விதிகள் 1977-ம் வருஷத்தில் நமது தேசத்தில் ஏற்பட்டன. ஆனால் அப்போது ஒரு ஓட்டை இருந்தது. "உள்ளூர் வரிகள் தனி" என்று அச்சிட்டு விற்கலாம். அந்த வரி எத்தனை என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. கடைக்காரர் வாயில் வந்ததுதான் வரி. இந்த அக்கிரமம் பொறுக்க முடியாமற் போகவே, 1990-ம் வருஷத்தில் விதியைத் திருத்தி, எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலையையே அச்சிட வேண்டும் என்று செய்தார்கள். இன்று அமலில் இருப்பது 2009-ம் வருஷத்துச் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன் கீழ் வந்த 2011-ம் வருஷத்து விதிகளும். அச்சிட்ட விலைக்கு மேல் சில்லறை வியாபாரி விற்கக் கூடாது என்று அவ்விதிகள் திட்டமாகச் சொல்லுகின்றன. விலையைக் குறைத்துச் சீட்டு ஒட்டலாம், கூட்டி ஒட்டுவதற்கில்லை.

'அதிகபட்சம்' என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். உற்பத்திச் செலவு, வண்டிக் கூலி, வரி, மொத்த வியாபாரியின் லாபம், சில்லறைக் கடைக்காரரின் லாபம் யாவும் அந்தத் தொகைக்குள் அடக்கம். கடைக்கு விளக்குப் போடுவது எப்படிக் கடைக்காரரின் செலவோ, அப்படியேதான் குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம் போடுவதும். நாளைக்குக் கல்லாப்பெட்டிக்குப் பூட்டு வாங்கிய செலவையும் நம்மிடம் கேட்டால் என்ன செய்வது?

கடைக்காரர் பக்கத்திலும் நியாயம் உண்டு என்று சிலர் சொல்லலாம். பஸ் நிலையத்துக் கடைக்கு வாடகை அதிகம் என்பார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். அந்த வழக்கைக் கடையை வாடகைக்கு விட்டவர்களிடம் அல்லவா அவர் தொடுக்க வேண்டும்? தாகத்தோடு வருகிறவனிடம் தொடுப்பது தர்மம் அல்ல.

ஒரு விலக்கையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஹோட்டலில் நாற்காலியில் உட்கார வைத்துப் பரிமாறும்போது, அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அங்கே பாட்டிலை மட்டும் விற்கவில்லை. இடத்தையும் உபசாரத்தையும் சேர்த்து அளிக்கிறார்கள் என்பது காரணம். கல்லாவுக்கு முன்னால் முண்டியடித்துக் கொண்டு நிற்கிறவருக்கு என்ன உபசாரம் நடக்கிறது என்று நமக்கு விளங்கவில்லை.

* * *

சரி, என்ன செய்யலாம்? காசு கொடுப்பதற்கு முன்பே விலையைப் படித்து விடுங்கள். கேட்பது அதிகமாக இருந்தால் உரத்த குரல் வேண்டாம். "பில் போட்டுக் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். இந்த மூன்று வார்த்தைகளில் பல கூலிங் சார்ஜுகள் கரைந்து போகும். அதிக விலையைத் தம் கையாலேயே எழுதித் தர எந்த வியாபாரிக்குத்தான் மனம் வரும்? பில் தர மறுப்பதும் 2019-ம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி முறைகேடான வியாபாரமே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரயிலில் என்றால் 139. தமிழ்நாட்டில் எடையளவு விவகாரங்களைக் கவனிப்பவர்கள் தொழிலாளர் துறை அதிகாரிகள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரையில் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது.

"5 ரூபாய்க்காக இத்தனை பாடா?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியை நம்பித்தான் அந்த வியாபாரமே நடக்கிறது. நமக்கு 5 ரூபாய் அற்பமாக இருக்கலாம். அதே பஸ்ஸில், கடைசி ஆசனத்தில், ஊருக்குத் திரும்பும் கூலிக்காரர் ஒருவர் விலையைக் கேட்டுவிட்டுப் பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டுப் போகிறார். எழுதப் படிக்கத் தெரிந்த நாம் வாயைத் திறவாமல் காசை நீட்டுவதனால்தான் 25 ரூபாய் அங்கே நிலைத்த விலையாகி விடுகிறது. நம் பெருந்தன்மைக்கு அவர் தாகத்தால் வட்டி கட்டுகிறார்.

கீரைக்காரியின் கட்டில் யாரும் விலை அச்சிடவில்லை. அவளுக்காகப் பேசச் சட்டம் இல்லை. வெயிலில் வாடுகிற சரக்கு வேறு. அவளிடம் நாம் பேசுகிற பேச்சு கொஞ்சமல்ல. சட்டம் முழுவதும் நம் பக்கம் நிற்கிற இடத்திலோ மௌன விரதம் பூண்டு விடுகிறோம். பேரத்தில் நாம் வல்லவர்கள் என்பது வாஸ்தவமானால், அந்த வல்லமையைக் கொஞ்சம் இடம் மாற்றிப் பார்க்கலாம். கீரைக்காரிக்கு அவள் கேட்டதைக் கொடுத்துவிட்டு, நெடுஞ்சாலைக் கடையில் ஒரு பில் கேட்டால் கணக்கு நேராகிவிடும்.