பாதுகாப்புச் செலவும் மண்ணெண்ணெய் விலையும்: எமது சமாசத்தின் நிலைப்பாடு

2023ஆம் ஆண்டிற்கான வரவு செலவுத் திட்டம் 2022 டிசெம்பர் 8ஆந் திகதி இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியதன் பின்னரும், இராணுவத்தின் ஆட்பலம் குறைக்கப்படுமென 2023 ஜனவரி மாதத்தில் அரசாங்கம் அறிவித்ததன் பின்னரும், இவ்விரண்டையுங் குறித்து, வடபகுதிக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இணைந்த எமது சமாசத்தின் அபிப்பிராயம் யாதென்று அங்கத்துவச் சங்கங்கள் பலவும் வினவியமையால், நெடிய விவாதத்தின் பின் நிர்வாக சபை இணங்கிய அளவில் இவ்வறிக்கை வெளியிடப்படுகிறது.

வெளிநாட்டுக் கடனை இப்போது செலுத்த இயலாதென 2022 ஏப்ரல் 12ஆந் திகதி உலகறிய அறிவித்த இந்த நாடு, யுத்தம் முடிந்து பதின்மூன்று வருஷங்கள் சென்ற பின்னும், பாதுகாப்புக்கும் பொதுமக்கள் பாதுகாப்புக்குமாக 2023இற்கு ஏறத்தாழ 539 பில்லியன் ரூபாயை ஒதுக்கியது. சுகாதாரத்துக்கு 322 பில்லியன். கல்விக்கு 232 பில்லியன். ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சேர்த்துக் கிடைத்ததற்குக் கிட்டத்தட்ட ஈடான தொகை படைகளுக்கும் பொலிசுக்கும் போயிற்று. ஒரு தேசத்துக்குத் தற்காப்பு அவசியமென்பதை நாம் மறுக்கவில்லை. இதனைத் தெளிவாகச் சொல்லவேண்டுமென்று சபையில் வற்புறுத்திய அங்கத்தவர்களின் கருத்தை ஏற்று இங்கே பதிவு செய்கிறோம். ஆயினும் எதற்கு எவ்வளவு என்னுங் கேள்வியைக் கேட்கப் பிரஜைகளுக்கு உரிமையுண்டு.

அக்கேள்வியைக் கேட்க எமக்குக் காரணமுண்டு: எமது கடற்றொழில் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. 2022 ஆகஸ்ட் மாதத்தில், லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாயாயிற்று. 2022 முடியும்வரை அதற்குக் கீழே அது இறங்கவில்லை. விலையேற்றத்துக்கு முந்திய வாரங்களிலோ பழைய விலைக்குங்கூட எண்ணெய் கிடையாமல், வெற்றுக் கலன்களை வரிசையில் வைத்துவிட்டுத் தொழிலாளர் வெயிலில் காத்துக் கிடந்ததையும், படகுகள் கரையேறி உப்புக் காற்றில் காய்ந்ததையும் எவரும் மறந்திருக்கமாட்டார். ஓரிரவுத் தொழிலுக்கு 25 லீற்றர் எரிக்கும், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகொன்றைக் கணக்கெடுத்தால், 2,175 ரூபாயாக இருந்த எண்ணெய்ச் செலவு 8,500 ரூபாயாகிவிட்டது. படகுக்காரனுக்கும் கூடச் சென்றவர்களுக்கும் பங்கு பிரிக்கு முன்னரே இத்தொகை கழிக்கப்படுவதால், மீன்பாடு குறைந்த நாளில் பிரிப்பதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. சம்மாட்டியிடம் பட்ட கடன் மாத்திரம் ஏறுகிறது. கருவாடு போட்டு அன்றாடங் காய்ச்சும் பெண்கள் மீன் வாங்க முதலின்றி நிற்கிறார்கள். உணவுப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் கொழும்புக் கணக்கின்படி 94.9 சதவீதத்தை எட்டிய வருஷத்திலே, மீன்பிடிக்கிறவன் வீட்டுப் பிள்ளை மீனில்லாமல் சோறுண்கிற நிலை எமது கரைகளில் உண்டாயிற்று. நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் உள்ள சிங்களச் சகோதரர்களின் கஷ்டமும் இதுவே.

திறைசேரியிலே பணமில்லை, மண்ணெண்ணெய்க்கு மானியம் தர இயலாது என்று எமக்குச் சொல்லப்பட்டது. நெருக்கடியின் காரணங்கள் பலவென்பதை அறிவோம். பாதுகாப்புச் செலவு ஒன்றே காரணமென்று சமாசம் கூறவில்லை. ஆனால் மண்ணெண்ணெய்க்குப் பணமில்லையென்று கைவிரித்த அதே அரசாங்கம் பாதுகாப்புத் தலைப்பின்கீழ் அவ்வாறு கைவிரிக்கவில்லை! இதனை விதியென்று எம்மால் ஏற்கமுடியாது. மனிதர் உட்கார்ந்து, தெரிந்தே செய்த ஒதுக்கீடு இது.

2,00,783 ஆக இருந்த இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட ஆட்பலத்தை 2024க்குள் 1,35,000 ஆகவும், 2030க்குள் 1,00,000 ஆகவும் குறைப்பதென்னும் அறிவிப்பைக் கொள்கையளவில் வரவேற்கிறோம். பாதுகாப்புச் செலவின் பெரும்பகுதி சம்பளமாகவும் படிகளாகவுமே போவதையும், அச்சம்பளத்தை நம்பியிருப்போர் பெரும்பாலும் தெற்கின் வறிய கிராமத்துக் குடும்பங்கள் என்பதையும் உணர்ந்தே, வீடு திரும்பும் வீரர்களுக்குத் தக்க ஜீவனோபாயம் அமைத்துக் கொடுக்க வேண்டுமென்றுஞ் சொல்லுகிறோம். அதே வேளை, அடுத்த மாதம் வலை வாங்க வழியற்றிருப்பவனை 2030 வரை பொறுத்திருக்கச் சொல்வது நியாயமாகாது.

1990 முதல் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் படையினர் வசமுள்ள காணிகளில் இன்னும் விடுபடாதவற்றைப் பற்றியும், 2017இல் மீண்ட மயிலிட்டித் துறைமுகத்தின் நிலை பற்றியும் தனி அறிக்கை வேண்டுமென்று பெரும்பான்மையோர் கருதியமையால் அவை இங்கே விரிக்கப்படவில்லை. எமது வலைகளை அறுத்துச் செல்லும் இந்திய இழுவைமடிப் படகுகள் பாதுகாப்புக்கு இத்தனை பெருஞ்செலவு செய்த பின்னும் ஏன் தடுக்கப்படவில்லை என்பதற்கு மாத்திரம் இப்பொழுதே பதில் வேண்டும்.

பாதுகாப்பு ஒதுக்கீட்டில் 2023ஆம் ஆண்டிலேயே மீதப்படுத்தக்கூடிய தொகையை அரசாங்கம் பகிரங்கப்படுத்த வேண்டும். அதிலிருந்து, பதிவுபெற்ற சிறு படகுகளுக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாக மானிய விலையில் மண்ணெண்ணெய் வழங்கவேண்டும். மானியத்தின் அளவு பேசித் தீர்க்கத்தக்கது. மானியம் வேண்டுமென்பது பேரத்துக்குரியதன்று. இவ்வறிக்கையின் பிரதிகள் திறைசேரிக்கும், கடற்றொழில் அமைச்சுக்கும், வடமாகாணப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பப்படுகின்றன. 2023 மார்ச் மாதப் பொதுச்சபைக்கு முன் எழுத்து மூலம் பதில் வராவிடின், எல்லா இறங்குதுறைகளிலும் ஒரு நாள் தொழில் நிறுத்தஞ் செய்வதற்கான பிரேரணை அச்சபையின் முன் வைக்கப்படும்.