வாயைத் திறந்து பார்த்ததுண்டா?

குழந்தைக்குச் சுரம், இருமல், கண் சிவப்பு கண்டதும் "ஆத்தா வருகிறாள்" என்று வேப்பிலை தேடுகின்றவர்கள் ஒரு நாளாவது அதன் வாயைத் திறந்து பார்த்ததுண்டா? தட்டம்மையில், மேலே தடிப்பு காணுவதற்கு ஓரிரண்டு நாள் முன்னதாகவே, கன்னத்தின் உட்புறம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, சிவந்த இடத்தில் உப்புத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றும். (எல்லாக் குழந்தைக்கும் தோன்றுமென்பதில்லை.) நியூயார்க் டாக்டர் கோப்ளிக் இதை 1896-இலேயே எழுதிவிட்டார். ஆத்தா முதலில் வாய்க்குள்ளா இறங்குகின்றாள்? தடிப்புக்கு 4 நாள் முன்பிருந்தே நோய் பிறரைத் தொற்றுகின்றபடியால், புள்ளி கண்டவுடன் குழந்தையைத் தனியே வைத்தால் பக்கத்து வீட்டுக் குழந்தைகளில் சிலவாவது தப்பும். டாக்டர் வைட்டமின் ஏ கொடுப்பார். கண்ணுக்கு அது காவல். நம்மவர்களோ கண் போன பிறகு, கோவில் வாசலில் கண்மலர் வாங்கிச் சாத்துகின்றார்கள்!